அண்ணி கழுவிய கிளாரினெட்

என் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கால்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாலை ஆறேகாலுக்கு வேலை முடிந்து வருவாள். செருப்பைக் கழற்றினால் இரண்டு பாதத்திலும் வார் பதிந்த தடம் சிவப்பாகத் தெரியும். சோபாவில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டுக்கொள்வாள். அடுத்த பத்து நிமிடம் அவளிடம் யாரும் எதுவும் பேசக் கூடாது. அண்ணன்கூட டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவான். பத்து நிமிடம் கழித்து எழுந்து சமையலறைக்குப் போய், நான் கழுவிக் கவிழ்த்திருக்கும் பாத்திரங்களில் இரண்டை எடுத்து மறுபடி கழுவுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பிழைப்பே அதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. ஆபரேஷன் முடிந்து வரும் கத்திரி, இடுக்கி, கிளாம்ப் என்று எல்லாவற்றையும் பிரித்து, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்து, உலர்த்தி, திரும்பப் பூட்டி, டிரேயில் அதனதன் இடத்தில் அடுக்கி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். நாளெல்லாம் நின்றபடி செய்கிற வேலை. அப்படி இருபத்தேழு வருடம். மேஜையில் விளக்கோடு சேர்ந்த ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அதன் வழியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, கடுகளவு கறை இருந்தாலும் டிரே முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவாள். அங்கே அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடி அக்கா. மேலே ஆபரேஷன் செய்கிற டாக்டர்களில் ஒருவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது. அவர்களுக்கும் அவளைத் தெரியாது.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல், எட்டு வருடத்துக்கு முன் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பட்டறையில் காலர் வைக்கிறேன். அண்ணன் வேன் ஓட்டுகிறான், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குகிறான். அண்ணி என்னை ஒரு நாளும் பாரமாக நினைத்ததில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்காது. இந்தக் கதையில் நடந்த அத்தனைக்கும் அந்த வாய்தான் காரணம்.

அண்ணி ஒரு நாள் ஷிப்ட் மாற்றம் கேட்டு மனுக் கொடுக்க, ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் இருக்கும் தொழிலாளர் சங்கக் கட்டடத்துக்குப் போயிருக்கிறாள். மாடியில் ஒரு மேஜை மேல் கறுப்புப் பெட்டி ஒன்று திறந்து கிடந்ததாம். உள்ளே நீல வெல்வெட்டில் ஐந்து பள்ளம், பள்ளத்துக்கு ஒரு துண்டாக ஒரு கிளாரினெட். அப்படியே நின்றுவிட்டாளாம். எங்கள் டிரேயைக்கூட இவ்வளவு அழகாக யாரும் அடுக்கியதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இலவச வகுப்பு நடந்தது. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடம் கொடுத்த பன்னிரண்டு கிளாரினெட்டுகள். வாசலில் நிற்பவள் சேர வந்திருக்கிறாள் என்று நினைத்து மாஸ்டர் காத்திருப்போர் பட்டியலை நீட்ட, இவளும் மறுக்கத் தோன்றாமல் பெயர் எழுதிவிட்டாள். முறை வர ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆயின. அதுவரை வீட்டில் மூச்சு விடவில்லை.

வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கிளாரினெட்டை மூன்று மாதம் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதம் முடிந்ததும் எட்டு வரிப் பாட்டு ஒன்றை நிற்காமல் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் இன்னும் ஒரு வருடம் அது அவர்களோடு இருக்கும். நின்றுவிட்டால், பெட்டியைப் பட்டியலில் அடுத்து இருப்பவர் கையில் அங்கேயே கொடுத்துவிட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அண்ணி அதை ஊதவே இல்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பூட்டுவாள். கார்க் சுற்றிய முனைகளில் மெழுகை விரல் நுனியால் மெல்லத் தடவுவாள். புனல் மாதிரி இருக்கும் அடிப்பகுதியைக் கீழ்த் துண்டில் திருகுவாள். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் சேர்க்கிற இடம்தான் ஆபத்து. மேல் துண்டில் துளைகளை மூடித் திறக்கும் உலோகச் சாவிகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால்தான் நடுவில் இருக்கும் சின்ன நெம்பு மேலே எழும்பும். அழுத்தாமல் திருகினால் அது வளைந்துபோகும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே அதை வளைத்துவிடுவார்களாம். அண்ணி வளைக்கவில்லை. பிறகு குட்டைத் துண்டு, அதன் மேல் வாய் வைக்கும் துண்டு. கடைசியில் ரீடு, ஊதும்போது அதிர்கிற மெல்லிய நாணல் பட்டை. அதை வாயில் வைத்து ஈரமாக்கி, நுனியோடு நுனி மயிரிழை பிசகாமல் வைத்து, அதைப் பிடிக்கும் திருகாணியை இரண்டு விரலால் மட்டும் முடுக்குவாள். எல்லாம் ஆனதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுக்கப் போவாள்.

ஊதுகிற சாமானை ஊதாமலே திருப்பிக் கொடுத்தால் அதற்குத் தனியாகப் பரிசு தருவார்களா என்று நான் கேட்டேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் ஊத ஆரம்பித்தாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மணியிலிருந்து இருபது நிமிடம். முதலில் வெறும் காற்று, பிறகு ஒரு கீச்சு, பிறகு வேன் ரிவர்ஸில் வருவது போல ஒரு சத்தம். அண்ணன் தூக்கத்திலேயே "பின்னாடி பாத்து, பின்னாடி பாத்து" என்று முனகினான். களைப்பில் பாதி ஊதும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். கொட்டாவியும் கிளாரினெட்டுக்குள்ளேயே போகும். இருந்தும் விடவில்லை. பத்தாவது வாரத்தில் ஐந்து வரி வந்துவிட்டது. ஆறாவது வரியில் பாட்டு மேலே ஏறும். அதுவரை திறந்திருந்த துளைகளையெல்லாம் ஒரே நேரத்தில் விரல்கள் மூட வேண்டும். அங்கே பத்துத் தடவைக்கு ஆறு தடவை இடறும், நான்கு தடவை தாண்டிவிடுவாள்.

ஒரு நாள் கவனித்தேன். வேலையிலிருந்து வந்தவள் சோபாப் பக்கமே போகவில்லை. செருப்புத் தடம் பதிந்த காலோடு நேரே பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. அலுத்துச் சலித்த மூன்று பேர் இருக்கும் வீடு அது. அதில் ஒருத்திக்கு மட்டும் போக ஓர் இடம் கிடைத்துவிட்டது.

வாசித்துக் காட்ட இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மதியம். அன்று நான் வைத்த காலர்களில் இருநூறு கோணலாக இருக்கிறதென்று திரும்பி வந்திருந்தன. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், அண்ணி மேஜையில் பெட்டியைத் திறக்கிறாள். ஈரத் துணியின் புழுங்கல் வாடை குப்பென்று வந்தது. என் நாக்கில் சனி.

"அண்ணி, இந்த நாத்தத்தோட ஒரு சாமானை உங்க ஆஸ்பத்திரில வெளியே அனுப்புவீங்களா?" என்றேன்.

அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. ரீடு விழுந்தாலோ சுருதி தவறினாலோ சிரித்துக்கொண்டு போகிறவள்தான். ஆனால் இருபத்தேழு வருடத்தில் சுத்தமில்லை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. பெட்டியைக் குனிந்து மோந்து பார்த்தாள். நான் சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது குளியலறையில் ஆவி பறந்தது. நீல வாளியில் ஆஸ்பத்திரி மருந்து வாடை அடிக்கும் சுடுதண்ணீர், அதற்குள் கிளாரினெட்டின் ஐந்து துண்டுகளும் முழுக்க மூழ்கிக் கிடந்தன. அண்ணி கையில் வாட்சைப் பிடித்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் ஊற வேண்டும், அதுதான் கணக்கு. உடம்பு பிளாஸ்டிக், சாவிகள் உலோகம், இரண்டும் தினம் அவள் கை வழியாக அந்தத் தண்ணீருக்குள் போகிற பொருள்கள்தான். அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. எடுத்துக் கழுவி, உதறி, வெள்ளைத் துணி மேல் வரிசையாக வைத்து, மோந்து பார்க்கச் சொன்னாள். ஒரு வாடையும் இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

உலர்ந்த பிறகு பூட்டப் பார்த்தாள். முனைகளில் இருந்த கார்க் உப்பிப்போய், துண்டுகள் ஒன்றோடொன்று சேரவே மறுத்தன. எப்படியோ சேர்த்து ஊதினால் வெறும் காற்று. பதினேழு சாவிகளுக்கும் அடியில், துளையை மூடுவதற்காகத் தோல் போர்த்திய சின்ன வில்லைகள் உண்டு. மூடியிருக்கும்போது அவை கண்ணில் படாது. ஒவ்வொரு சாவியாகத் தூக்கி விளக்கடியில் பார்த்தோம். நனைந்த அட்டை போல ஊதி, ஓரமெல்லாம் பிரிந்திருந்தன. பதினேழில் பதினொன்று போயே போய்விட்டது.

"நான்தான் பாக்கல" என்றாள் அண்ணி. என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், இரண்டும் சரிக்குச் சரியாகப் போயிருக்கும். அவள் திட்டாததுதான் என்னைத் தின்றது.

மறுநாள் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ஒரு யோசனை சொன்னேன். அலமாரியில் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், யாரும் பார்க்காதபோது மாற்றி வைத்துவிடலாமே என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மீதிப் பயணம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டர் தண்ணீர் வரி ஆபீசில் குமாஸ்தா. ஞாயிறு ஒரு நாள் கிடைக்கும் ஓய்வையும் இங்கே கொண்டு வந்து கொட்டுகிறவர். எங்களைப் போலவே கொட்டாவி விடுகிறவர். அண்ணி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பெட்டியை மோந்தார், அண்ணி தினமும் ஊதி முடித்து உள்ளே துடைத்தபின் மூலையில் சுருட்டி வைக்கும் துணியை எடுத்துப் பிதுக்கினார்.

"வாடை இதுலேர்ந்துதான் வந்துருக்கும்மா. துணியை வெளிய காயப்போட்டிருந்தா போதும்" என்றார்.

அண்ணி துணியை அவர் கையிலிருந்து வாங்கி ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டாள். ரிப்பேருக்கு அனுப்பினால் இரண்டு மாதம் ஆகும், அதற்குள் வாசித்துக் காட்டும் நாள் போய்விடும் என்றார் மாஸ்டர். பிறகு சற்று யோசித்து, அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உதவாமல் போன பழைய கிளாரினெட்டுகளிலிருந்து கழற்றிய வில்லைகள் அதில் இருந்தன. தனக்கு நேரமில்லை, எப்படி என்று காட்டுகிறேன், நீங்களே மாற்றி, அந்த நாளுக்குள் ஊதவும் முடிந்தால் ஊதுங்கள் என்று சொல்லி, ஒரு வில்லையை எங்கள் கண்முன்னாலேயே ஒட்டிக் காட்டினார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அண்ணி வேலையிலிருந்து வந்து அந்தப் பத்து நிமிடம்கூட உட்காராமல் மேஜைக்கு வந்துவிடுவாள். உப்பிய கார்க்கை முதல் நாளே மணல்தாளால் தேய்த்துச் சரிசெய்துவிட்டாள். வில்லைக்குத்தான் பாடு. சாவியைக் கழற்ற வேண்டும். கெட்டுப்போன வில்லையைச் சுரண்டி எடுக்க வேண்டும். அரக்கைச் சூடாக்கிச் சொட்டு விட்டு, புது வில்லையை வைத்து, ஆறும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒட்டிவிட்டால் போதாது. மெல்லிய தாள் துண்டு ஒன்றை அடியில் கொடுத்து, சாவியை மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். நாலு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் நழுவினாலும் திரும்ப அரக்கைச் சூடாக்க வேண்டியதுதான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வில்லையை அவள் ஏழு முறை எடுத்து ஒட்டினாள். போதும் அண்ணி, காதுக்கா தெரியப்போகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த ஒரு முறை அடக்கிக்கொண்டேன்.

வேலை முடிந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை வாசித்துக் காட்ட வேண்டும். சனிக்கிழமையன்று உடன் வேலை செய்கிறவள் லீவு போட்டதால் அண்ணிக்கு இரண்டு ஷிப்ட். வந்தவள் கையைக்கூடக் கழுவாமல் சோபாவிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் கை கழுவாமல் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். ஆக, பன்னிரண்டு நாள் ஊத வேண்டியவள் ஊதிப் பழகியது அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும்.

மாடி அறையில் பன்னிரண்டு நாற்காலி, பின்னால் வீட்டுக்காரர்களுக்கும் பட்டியலில் காத்திருப்பவர்களுக்கும் பெஞ்சு. பஸ் கண்டக்டர் ஒருவர் எட்டு வரியையும் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். அண்ணி ஒன்பதாவது. எழுந்து நின்று, ஆற அமர ரீடைச் சரிபார்த்து, ஊதினாள்.

முதல் வரியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நான் கேட்ட சத்தம் இல்லை அது. புது வில்லைகளோ, அந்த அறையோ, அவளேதானோ தெரியவில்லை, ஒலி உருண்டையாக, வெதுவெதுப்பாக வந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வரியில் என் பக்கத்தில் இருந்தவர் செல்போனைக் கீழே வைத்துவிட்டார். ஆறாவது வரியில் எல்லா விரல்களும் ஒன்றாக இறங்கின, மோதிர விரல் ஒன்று மட்டும் துளையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. கீச்சென்று ஒரு சத்தம் வந்து, நின்றுவிட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி கிளாரினெட்டை இறக்கி இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பன்னிரண்டு நாளை நான்தான் ஒரே வாக்கியத்தில் அவளிடமிருந்து பிடுங்கினேன்.

எல்லோரும் முடித்த பிறகு மாஸ்டர் அண்ணியின் கிளாரினெட்டை வாங்கி, வாய்த் துண்டை மாற்றிப் போட்டு, எட்டு வரியையும் ஊதிப் பார்த்தார். தண்ணீர் ஓடுவது போல ஓடியது. ஆறாவது வரி ஏறியதே தெரியவில்லை. ஊதி முடித்து, சாவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ரிப்பேர் கடையில்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார். பிறகு அலமாரிச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். பன்னிரண்டு கிளாரினெட்டும் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கிறது, பார்க்க ஆளில்லை. அண்ணி அதைப் பொறுப்பெடுத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரலாம். பட்டியல், பரீட்சை ஒன்றும் கிடையாது. எல்லாக் கிளாரினெட்டும் அவள் கையில்தான் இருக்கும் என்றார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் அண்ணியின் இடுப்பில் கிள்ளினேன். "சரின்னு சொல்லுங்க அண்ணி."

அண்ணி சாவியைப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். அடுத்தவங்க கைக்குத் தயார் பண்ணிக் குடுக்குற வேலைய இருபத்தேழு வருஷமா பாத்துட்டேன்" என்றாள். "இங்க நான் ஊதத்தான் வந்தேன். பட்டியல்ல பேர எழுதிக்குங்க."

மாஸ்டர் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பட்டியலில் கடைசியாகப் பெயரை எழுதி, பத்தொன்பதாவது என்றார். சரி என்றாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பேக்கரிக்காரப் பெண் எழுந்து வந்தாள். அவள்தான் பட்டியலில் அடுத்தவள். அண்ணி ஐந்து துண்டுகளையும் துடைத்துப் பள்ளங்களில் வைத்து, பெட்டியை மூடி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் ஒரு நொடி கைப்பிடியை விடவில்லை. அப்புறம் விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அன்று நான் மட்டும் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அண்ணி என் கையைத் தட்டி நிறுத்தினாள்.

"அத விடு. அஞ்சு வரி ஊதினேனே, எப்படி இருந்துச்சு?"

எட்டு வருடத்தில் கிண்டல் கலக்காமல் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நல்லா இருந்துச்சு அண்ணி. எல்லாரும் அசையாம கேட்டாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் செஞ்ச ஒண்ண யாரும் உக்காந்து கேட்டதே இல்ல" என்றாள்.

எங்கள் நிறுத்தம் வரும்வரை என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினாள்.